பாட வேறுபாடு

ஒரு பாடலை எழுதியவர் அதைத் தம் குரலில் பதிவு செய்து வெளியிடும் முன்பே, உலகம் அதை வேறொருவர் குரலில் கேட்டு மனப்பாடமும் செய்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதன்பிறகு எழுதியவர் பாடுவதை நாம் என்னவென்று சொல்வது? மூலம் என்றா, வழி என்றா? ஜோனி மிட்செலின் 'போத் சைட்ஸ் நௌ' என்னும் பாடலை முன்வைத்து இந்தக் கேள்வி சில ஆண்டுகளாகவே என்னைத் தொடர்ந்து வருகிறது. அவர் அதை எழுதியது 1967ஆம் ஆண்டில். அதே ஆண்டு ஜூடி காலின்ஸ் தம்முடைய 'வைல்ட்ஃபிளவர்ஸ்' இசைத்தட்டில் அதைப் பாடினார். 1968இல் தனிப்பாடலாக வெளிவந்து அமெரிக்கத் தரவரிசையில் எட்டாம் இடம்வரை ஏறியது. அதே 1968இல் ஃபிராங்க் சினாட்ராவும் பாடிவிட்டார். எழுதியவரின் குரலில் அது இசைத்தட்டாக வந்ததோ 1969 மே மாதத்தில்தான், 'கிளவுட்ஸ்' என்னும் அவரது இரண்டாம் தொகுப்பின் கடைசிப் பாடலாக.

ஒருவர் பாடிய பாடலை இன்னொருவர் தம் போக்கில் பாடுவதை ஆங்கிலத்தில் 'கவர் வெர்ஷன்' என்பார்கள். தமிழில் இதற்கு நிலைத்த சொல் இல்லை. இந்தக் கட்டுரையின் அளவில் மறுபாடல் என்று வைத்துக்கொள்கிறேன். எனக்கும் இந்தப் பாடல் ஜூடி காலின்ஸின் மறுபாடலாகத்தான் முதலில் வந்து சேர்ந்தது. முதுகலை படித்த காலத்தில், விடுதி அறைத் தோழி ஒருத்தி வைத்திருந்த ஒலிநாடாவில் அது இருந்தது. பல ஆண்டுகள் கழித்து ஜோனியின் குரலில் கேட்டபோது, தெரிந்த வீட்டுக்குள் பின்வாசல் வழியாக நுழைந்தது போலிருந்தது.

இந்தப் பேச்சுக்கெல்லாம் எனக்குக் கிடைத்த துணை இருவர். ஒருவர் வங்கியில் அதிகாரியாக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். இன்னொருவர் ஓய்வு பெற்ற நூலகர், எல்லோருக்கும் அக்கா. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வங்கி நண்பரின் மாடி அறையில் கூடுவோம். அவரிடம் நல்ல ஒலித்தட்டுக் கருவி ஒன்று உண்டு. நான் தமிழிலக்கியம் கற்பிப்பவள். மேற்கத்திய இசையின் இலக்கணம் எனக்குத் தெரியாது. சொல் எங்கே நிற்கிறது, ஓசை அதை எங்கே கொண்டுபோய் வைக்கிறது என்று பார்ப்பது மட்டுமே என் தொழில்வழி வந்த பழக்கம். அந்தப் பழக்கத்தோடுதான் அங்கே உட்கார்ந்திருப்பேன்.

நண்பரின் கட்சி எளிமையானது. ஜோனி மிட்செல் என்றால் முதல் நான்கு இசைத்தட்டுகள். 1968இல் வந்த 'சாங் டு எ சீகல்', 1969இன் 'கிளவுட்ஸ்', 1970இன் 'லேடீஸ் ஆஃப் தி கேன்யன்', 1971இன் 'புளூ'. அதற்குப் பின்னால் வந்தவற்றை மதிப்பார், ஆனால் கேட்கமாட்டார். மறுபாடல்களை மதிப்பதும் இல்லை. அக்காவோ மறுபாடல்களைத் தேடித் தேடிச் சேர்ப்பவர். 'போத் சைட்ஸ் நௌ' ஒன்றுக்கு மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மறுபாடல்கள் இருக்கின்றன என்பதை வாரிசுச் சொத்துக் கணக்கைச் சொல்வதுபோலப் பெருமையாகச் சொல்வார்.

இந்தச் சண்டையை விளங்கிக்கொள்ள ஜோனியின் தொடக்கத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது. 1943இல் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் பிறந்து, சஸ்கட்டூன் நகரில் வளர்ந்தவர் அவர். இளமையில் அவரும் மறுபாடகர்தான். 2020இல் வெளிவந்த அவரது ஆவணத் தொகுப்பின் முதல் பகுதியில், 1963இல் சஸ்கட்டூன் வானொலி நிலையத்தில் அவர் பாடிய பதிவுகள் இருக்கின்றன. எல்லாம் யாரோ எப்போதோ பாடிய நாட்டுப்புறப் பாடல்கள். பிறகு டொராண்டோவுக்குப் போனார். அங்கிருந்த காப்பிக்கடை மேடைகளில் ஒரு விசித்திரமான வழக்கம் இருந்ததாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இன்ன பாட்டு இன்னாருடையது என்று ஊரின் மூத்த பாடகர்கள் பங்கு பிரித்து வைத்திருந்தார்கள். புதிதாக வந்த பெண் அவற்றைத் தொடக்கூடாது. அதனால் தனக்கென்று பாட்டெழுத வேண்டிய தேவை வந்தது.

நினைத்துப் பார்த்தால் வேடிக்கைதான். பொதுச்சொத்தான நாட்டுப்பாடல்களைப் பாடக்கூடாது என்று தடுக்கப்பட்டவர், தாமே எழுதத் தொடங்கினார். எழுதியதும் அந்தப் பாடல்களை ஊரெல்லாம் எடுத்துப் பாடியது. அவருக்கென்று ஓர் இசைத்தட்டு வருவதற்கு முன்பே 'தி சர்க்கிள் கேம்' பாடலை இயன்–சில்வியா இணையரும் பஃபி செயின்ட்மேரியும் 1967இல் பாடினார்கள். டாம் ரஷ் தம்முடைய 1968ஆம் ஆண்டு இசைத்தட்டுக்கே அந்தப் பெயரை வைத்தார். 'அர்ஜ் ஃபார் கோயிங்' என்று குளிர்காலத்தின் வருகையைப் பற்றி ஒரு பாடல். ஜார்ஜ் ஹாமில்டன் என்னும் நாட்டுப்புற இசைப் பாடகர் 1967இல் அதைப் பாடிப் புகழ்பெறச் செய்தார். எழுதியவரின் பதிவோ 1972இல் வேறொரு தனிப்பாடலின் பின்பக்கமாக வெளிவந்து, 1996இல்தான் அவருடைய தொகுப்பொன்றில் இடம்பெற்றது. இதிலெல்லாம் அவருக்கு நட்டமில்லை. தம் பாடல்களின் பதிப்புரிமையை அவர் தொடக்கத்திலிருந்தே தம்மிடம் வைத்துக்கொண்டார். யார் பாடினாலும் எழுதியவருக்குரிய பங்கு வந்துசேரும். பாடகி என்று பெயர் வாங்கும் முன்பே பாட்டாசிரியர் என்ற முறையில் வாழ்க்கையை நடத்த அது வழிசெய்தது.

ஆகவே 1968இல் முதல் இசைத்தட்டு வந்தபோது, ரசிகர்கள் ஏற்கெனவே கேட்டிருந்த பாடல்களை எதிர்பார்த்திருக்கலாம். ஆனால் மேலே சொன்ன எதுவும் அதில் இல்லை. பத்துப் பாடல்கள், முதல் பக்கத்துக்கு நகரத்துக்கு வந்த கதை, இரண்டாம் பக்கத்துக்கு நகரைவிட்டுக் கடலோரம் போன கதை என்று இரண்டு பகுதிகள். தயாரித்தவர் டேவிட் கிராஸ்பி. ஃபுளோரிடாவில் ஒரு காப்பிக்கடையில் இவர் பாடக் கேட்டு வியந்து, அழைத்துவந்தவர் அவர். மத்தளமும் மின்கித்தாரும் சேர்த்து அந்தக் குரலை மூழ்கடித்துவிடாமல் காத்ததே கிராஸ்பி செய்த பேருதவி. பெரிய பியானோவின் தந்திகள் குரலை வாங்கி எதிரொலிக்கட்டும் என்று அதன் அருகே பாடவைத்தார். விளைவாக ஒலிநாடாவில் இரைச்சல் ஏறிவிட்டது. இரைச்சலை நீக்கியபோது குரலின் மேல்மினுக்கும் சற்று மங்கிப் போயிற்று. 2021இல் அதைப் புதிதாகக் கலந்து வெளியிட்டார்கள். நண்பரிடம் இரண்டும் இருக்கின்றன. மங்கலான பழையதையே அவர் ஒலிக்கவிடுவார்.

அந்த இசைத்தட்டில் என்னைக் கட்டிப்போட்டது பாட்டல்ல, சமர்ப்பணம். தன்னைச் சொற்களை நேசிக்கச் செய்த ஆசிரியர் கிராட்ஸ்மனுக்கு என்று ஜோனி அதைக் காணிக்கையாக்கியிருக்கிறார். பள்ளியில் அவருக்கு ஆங்கிலம் கற்பித்தவர். ஓவியத்தில் நாட்டம் கொண்டிருந்த சிறுமியிடம், தூரிகையால் தீட்டத் தெரிந்தவளுக்குச் சொல்லாலும் தீட்ட முடியும் என்று சொன்னவர். அவள் எழுதிக்கொண்டு வந்த கவிதையில் தேய்ந்துபோன உவமைகளையெல்லாம் சுட்டிக்காட்டி, உனக்குத் தெரிந்ததை எழுது என்று அனுப்பியவர். வகுப்பறையில் இருபது ஆண்டுகளைக் கழித்தவள் என்பதாலோ என்னவோ, மேலட்டையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் என் கண் அந்த வரியைத்தான் தேடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை 'வைல்ட்ஃபிளவர்ஸ்' பதிவையும் 'கிளவுட்ஸ்' பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டோம். காலின்ஸின் பதிவுக்கு இசையமைத்தவர் ஜோஷுவா ரிஃப்கின். ஹார்ப்சிகார்ட் என்னும் பழைய விசைப்பலகைக் கருவி அதில் மழைத்தூறல்போல விழுந்துகொண்டே இருக்கிறது. பாடல் தெளிந்த நீரோட்டமாகச் செல்கிறது. கேட்பவர் உடனே சேர்ந்து பாடலாம். ஜோனியின் பதிவில் ஒற்றைக் கித்தாரும் குரலும் மட்டுமே. ஆனால் அந்தக் கித்தார் வழக்கமான சுருதியில் இல்லை. ஒன்பது வயதில் இளம்பிள்ளைவாதம் கண்டு அவருடைய இடக்கை வலுவிழந்திருந்தது. மற்றவர்கள் பிடிப்பதுபோல் எல்லா வடிவங்களையும் பிடிக்க அந்தக் கையால் ஆகவில்லை. எனவே கைக்கேற்றபடி தந்திகளின் சுருதியையே மாற்றிக்கொண்டார். பின்னாளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட சுருதி அமைப்புகள் அவரிடம் சேர்ந்தன. ரசிகர்கள் பலர் அவற்றைக் கேட்டுக் கேட்டுக் குறித்து வைத்தார்கள். மற்றவர் பாட்டில் ஒரு முடிவுக்கு வந்து அமரும் இடத்தில், இவருடைய கித்தார் ஒரு கேள்வியை எழுப்பிவிட்டு அங்கேயே நிற்கும்.

"இதுதான் மேடம் பாட்டு. அது நல்லாப் பெருக்கித் துடைச்ச வீடு. இதுல ஆள் குடியிருக்கு" என்றார் நண்பர்.

"அந்த வீடு இல்லேன்னா இந்த ஆளை யாருக்குத் தெரிஞ்சிருக்கும் தம்பி?" என்றார் அக்கா.

இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் தொல்காப்பியத்திடம் அடைக்கலம் புகுந்தேன். மரபியல் நூலை முதல்நூல், வழிநூல் என இரண்டாகப் பிரிக்கிறது. வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், இரண்டும் சேர்ந்த தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்கு வகையாக்குகிறது. வழிநூலை அது திருட்டு என்றோ குறைவு என்றோ சொல்லவில்லை. அதற்கும் ஒரு நெறி உண்டு என்கிறது. காலின்ஸ் செய்தது ஒருவகை மொழிபெயர்ப்பு. ஜோனியின் தனிச்சுருதியை ஊர்ச்சுருதிக்குப் பெயர்த்தார். ஆனால் இங்கே முதல்நூலுக்கு முன்பே வழிநூல் வெளிவந்துவிட்டதே, இதைத் தொல்காப்பியர் எதிர்பார்த்திருப்பாரா என்று கேட்டேன். "கம்பன் பாடினதையும் கவர் வெர்ஷன்னு சொல்லிட்டுப் போங்க" என்று நண்பர் எழுந்து காப்பி போடப் போய்விட்டார். அது கோபமல்ல. விவாதத்தில் தோற்கும் தருணங்களில் அவருக்குக் காப்பி தேவைப்படும்.

மறுபாடல் எழுதியவரையே மிஞ்சிய நிகழ்வாக அக்கா அடிக்கடி எடுத்துவைப்பது 'உட்ஸ்டாக்' பாடலை. 1969 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்தில் நடந்த அந்த மாபெரும் இசைவிழாவுக்கு ஜோனி போகவில்லை. மறுநாள் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் தோன்ற வேண்டியிருந்ததால், போனால் திரும்ப முடியாதென்று நிறுத்தி வைக்கப்பட்டார். விடுதி அறையில் தொலைக்காட்சிச் செய்திகளைப் பார்த்தபடி அந்த விழாவைப் பற்றிய பாடலை எழுதினார். விழாவில் பாடிய கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ், யங் நால்வரும் 1970இல் அதை மின்கித்தார் முழக்கத்தோடு பாடினார்கள். மேத்யூஸ் சதர்ன் கம்ஃபர்ட் குழுவின் மறுபாடல் அதே ஆண்டில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. ஜோனியின் பதிவோ மின்பியானோவின் ஒற்றை ஓசையோடு, ஏறத்தாழ இரங்கற்பாவைப்போல இருக்கிறது. போனவர்கள் பாடும்போது அது கொண்டாட்டம். போகமுடியாமல் அறையில் இருந்தவர் பாடும்போது அது ஏக்கம். இரண்டுக்கும் சொற்கள் ஒன்றே. அங்கே யார் மூலம், யார் வழி என்று கேட்பதில் பொருளில்லை என்பார் அக்கா. இந்த ஓர் இடத்தில் நண்பரும் வாய்திறக்கமாட்டார்.

அக்காவே விட்டுக்கொடுக்கும் இடமும் ஒன்று உண்டு. 'புளூ' இசைத்தட்டில் 'லிட்டில் கிரீன்' என்று ஒரு பாடல். ஒரு குழந்தையைப் பற்றியது. ஏதோ ஒரு தாளில் கையெழுத்து விழுகிறது. வருத்தமும் வாழ்த்தும் கலந்து கிடக்கின்றன. 1971இல் அதைக் கேட்ட விமரிசகர்களுக்குப் பொருள் பிடிபடவில்லை. 1965இல், கையில் பணமும் துணையும் இல்லாத இருபத்தொரு வயதில், ஜோனி ஒரு பெண் குழந்தையைப் பெற்றுத் தத்துக்கொடுத்திருந்தார் என்பது இருபது ஆண்டுகளுக்கும் மேல் வெளியே தெரியாது. 1997இல்தான் தாயும் மகளும் சந்தித்தார்கள். இடைப்பட்ட காலமெல்லாம் அந்தப் பாடல் இசைத்தட்டில், எல்லோர் காதுக்கும் எட்டும்படி, யாருக்கும் புரியாமல் ஒலித்துக்கொண்டிருந்தது. "இதை மட்டும் வேற யாரும் பாட வேணாம்" என்றார் அக்கா ஒருமுறை. அவர் அப்படிச் சொன்னது அந்த ஒருமுறைதான்.

இதுவரை சொன்னவை ரசிகர்களின் வழக்கமான பொழுதுபோக்கு வாதங்கள். எனக்கு இது பொழுதுபோக்காக இல்லாமல் போனதற்குக் காரணம் என் சொந்தக் குரல்.

2019இல் எனக்குத் தைராய்டு கட்டிக்காக அறுவைச் சிகிச்சை நடந்தது. கட்டி ஆபத்தில்லாதது, சிகிச்சையும் நல்லபடியாக முடிந்தது. ஆனால் குரலின் உயர்ந்த பகுதியை இயக்கும் நரம்பு கொஞ்சம் நலிந்துவிட்டது. இத்தகைய சிகிச்சையில் சிலருக்கு அப்படி நேர்வதுண்டு என்று மருத்துவர் முன்பே விளக்கியிருந்தார். பேசலாம், பாடம் நடத்தலாம், மேலே ஏறிப் பாட முடியாது. கேட்பவர்களுக்கு இது பெரிய இழப்பாகத் தோன்றாது. ஆனால் தமிழாசிரியர்களுக்குத் தெரியும், செய்யுளைச் சொல்வது வேறு, ஓதுவது வேறு. அகவலோசை, செப்பலோசை என்று புத்தகத்தில் இருப்பதை மாணவர் காதில் ஏற்றுவதற்கு ஆசிரியரின் தொண்டையைவிட்டால் வேறு கருவியில்லை. எனக்கு அந்தத் தொண்டையின்மீது சற்றுக் கர்வமும் இருந்தது. பிற துறை மாணவர்களும் வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

குறிப்பாகப் பாரி மகளிரின் பாடல். புறநானூற்றில் ஐந்தே அடிகளில் இருப்பது. தந்தையும் பறம்பு மலையும் தம்முடன் இருந்த ஒரு முழுநிலா நாளையும், இரண்டையும் இழந்துவிட்ட இன்னொரு முழுநிலா நாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் பாட்டு. நான் அதைத் தாழ்ந்த குரலில் தொடங்கி, கடைசி அடியில் மேலே எடுத்துச் சென்று, ஒரு கேவல்போல முடிப்பேன். வகுப்பு அமைதியாகிவிடும். சிகிச்சைக்குப்பின் அந்த ஏற்றம் வரவில்லை. முயன்றபோது காற்றுமட்டும் வந்தது. அடுத்த ஆண்டிலிருந்து அந்தப் பாடலை மாணவர்களை விட்டே படிக்கச் சொல்லத் தொடங்கினேன். அந்த மணி நேரம் வரும்போதெல்லாம் மனசுக்குள் ஒரு கசப்பு ஊறும்.

ஒருநாள் மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். ராமநாதபுரம் பக்கத்துப் பெண், அதிகம் பேசாதவள். "அம்மா, நான் படிக்கவா?" என்று கேட்டுவிட்டுப் படித்தாள். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. வீட்டுக்கணக்கை ஒப்பிப்பதுபோல, அன்றைக்கு இது இருந்தது, இன்றைக்கு இது இல்லை என்று ஒவ்வோர் அடியாக எடுத்துவைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்கு உடல் சிலிர்த்தது. அந்தப் பாட்டில் அழுகை என்ற சொல் எங்குமே இல்லை. இரண்டு நிலவுகளும் அவற்றுக்கு நடுவே ஒரு மாதமும்தான் இருக்கின்றன. கேவல் நான் சேர்த்தது. அதுவும் ஒரு நியாயமான வாசிப்புதான். இன்றும் அதை விட்டுவிட எனக்கு மனமில்லை. ஆனால் அன்று முதல் என் காதில் அந்தப் பாட்டுக்கு இரண்டு குரல்கள். உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, ஏட்டுக்கு ஏடு மாறியிருந்த சொற்களைப் பாடபேதம் என்று குறித்து வைத்தார். ஒன்றைத் தேர்ந்து மற்றதை எரித்துவிடவில்லை. பாடம் என்ற சொல்லுக்குள்ளேயே பாடுவதும் இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இதற்குப் பிறகுதான் 'போத் சைட்ஸ் நௌ' பாடலின் இன்னொரு பதிவை என்னால் காதுகொடுத்துக் கேட்க முடிந்தது. 2000ஆம் ஆண்டில் ஜோனி அதே பெயரில் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். பன்னிரண்டு பாடல்கள். பத்து, பழைய ஜாஸ் காலத்துப் பாடல்கள், அதாவது மறுபாடல்கள். மீதி இரண்டும் தாமே எழுதிய 'எ கேஸ் ஆஃப் யூ', 'போத் சைட்ஸ் நௌ'. பிறர் பாட்டுகளுக்கு நடுவில் தம் பாட்டுகளையும் பிறர் பாட்டுபோலவே வைத்துவிட்டார். லண்டனில் முழு இசைக்குழுவோடு பதிவு; வாத்திய அமைப்பு வின்ஸ் மெண்டோசா. தந்திக்கருவிகள் நெடுநேரம் தயங்கித் தயங்கி வழிவிட, குரல் வருகிறது. சிறுவயதிலிருந்தே புகைபிடித்த தொண்டை. 1969இல் குருவிபோல எங்கும் தாவிய குரல் தரைக்கு வந்துவிட்டது. நாலரை நிமிடப் பாட்டு ஐந்தே முக்கால் நிமிடமாகியிருக்கிறது.

இந்தப் பாட்டு மூன்று கண்ணிகளில் நடப்பது. முதலில் மேகம், பிறகு காதல், அதன்பிறகு வாழ்க்கை. ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் பார்த்தாயிற்று, ஆனாலும் தெரிந்ததெல்லாம் தோற்றமே, உண்மையில் ஒன்றும் தெரியவில்லை என்று ஒவ்வொரு கண்ணியும் வந்து நிற்கும். விமானத்தில் சால் பெல்லோவின் 'ஹெண்டர்சன் தி ரெயின் கிங்' நாவலைப் படித்துக்கொண்டிருந்தபோது, மேகங்களை மேலிருந்து பார்ப்பது பற்றிய ஓர் இடம் வந்ததாம். சன்னல் வழியே பார்த்தால் கீழே மேகம். அங்கிருந்து பிறந்தது பாட்டு. எழுதியபோது வயது இருபத்துமூன்று. வாழ்க்கையின் இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டேன் என்று இருபத்துமூன்று வயதுப் பெண் பாடுவதா என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு. ஆனால் அந்த வயதுக்குள் நோயும், தத்துக்கொடுத்த குழந்தையும், முறிந்துகொண்டிருந்த மணவாழ்வும் இருந்தன என்பது கேட்டவர்களுக்குத் தெரியாது. ஐம்பத்தாறு வயதில் அதே சொற்களை அதே பெண் பாடும்போது, தெரியவில்லை என்ற சொல்லின் எடை மாறிவிடுகிறது. இளம் வயதில் அது வியப்பு. இங்கே அது கணக்கு முடித்த ஒருவர் தரும் வாக்குமூலம்.

நான் அந்த இசைத்தட்டை மாடி அறைக்கு எடுத்துச் சென்றேன். நண்பர் கேட்க மறுத்தார். முதல் நிமிடத்திலேயே எழுந்து சன்னலருகே போய் நின்றுகொண்டார். முடிந்ததும், "இது அந்தக் குரலோட மிச்சம் மேடம். எதுக்கு இதைப் போய்க் கேட்கணும்?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அவருக்குத் தெரியாமலே என்னைப் பற்றியும் சொல்லிவிட்டார் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். "மிச்சம்னு ஏன் சார் சொல்றீங்க? அந்தக் குரலால இந்தப் பாட்டை இப்படிப் பாட முடிஞ்சிருக்காதே" என்றேன். முதல் பதிவில் குரல் அவ்வளவு அழகாக இருப்பதால், நாம் குரலைக் கேட்டுவிட்டுச் சொல்லைக் கடந்துபோய்விடுகிறோம். இங்கே கடந்துபோக முடியாது; ஒவ்வொரு சொல்லிலும் கால் பதித்துத்தான் அவரே நடக்கிறார். எழுதியவரும் தம் பாட்டுக்கு எதிரே வந்து நின்று, இதை நான் எப்படிப் பாடுவது என்று கேட்கவேண்டிய ஒரு நாள் வருகிறது. அந்த நாளில் அவரும் மற்ற ஆயிரம் பேரில் ஒருவர்தான். இதையெல்லாம் இவ்வளவு ஒழுங்காக அன்று நான் சொல்லவில்லை, தொண்டையும் ஒத்துழைக்கவில்லை. அக்கா என் தோளில் கைவைத்தார். நண்பர் அன்று காப்பி போடப் போகவில்லை. சற்றுநேரம் கழித்து, "உடைஞ்சதைக் கேட்கிறதுக்கு எனக்குத் தைரியம் பத்தலைன்னு வெச்சுக்குங்க" என்றார். அந்தப் பதிலுக்கு என்னிடம் மறுப்பில்லை.

கதை அங்கேயும் முடியவில்லை. 2015இல் ஜோனிக்கு மூளையில் இரத்தக்குழாய் வீங்கிப் பெரும் பாதிப்பு ஏற்பட்டது. நடக்கவும் பேசவும் திரும்பக் கற்க வேண்டியிருந்தது. இனிப் பாட்டில்லை என்றே எல்லோரும் எண்ணியிருந்தபோது, 2022 ஜூலையில் நியூபோர்ட் நாட்டுப்புற இசைவிழா மேடையில், பிராண்டி கார்லைல் முதலிய இளைய பாடகர்கள் சூழ, ஒரு நாற்காலியில் வந்து அமர்ந்தார். எழுபத்தெட்டு வயது. அந்தப் பாட்டையும் பாடினார். 2024 பிப்ரவரியில், எண்பதாம் வயதில், கிராமி விழா மேடையில் மீண்டும் பாடினார். நியூபோர்ட் மேடையில் அவர் கித்தாரையும் எடுத்து வாசித்தார். எப்படித் திரும்பக் கற்றீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில்தான் எனக்கு இந்தக் கட்டுரை முழுவதையும்விடப் பெரிதாகத் தெரிகிறது. தாம் இளமையில் வாசித்த காணொளிகளைப் பார்த்து, விரலை எங்கே வைத்தேன் என்று கற்றுக்கொண்டேன் என்றார்.

அக்கா இதைக் கேட்டதும் சிரித்துவிட்டார். "அப்போ தம்பி கொண்டாடுற அந்தச் சின்னப் பொண்ணுதான் இந்தப் பாட்டிக்கு வாத்தியார்" என்றார். நண்பரும் சிரித்தார். இருவர் கட்சியும் வென்ற அபூர்வமான நாள் அது. முதல் இசைத்தட்டுகள் இல்லாவிட்டால் பின்னாளின் ஜோனிக்கே வழியில்லை. பின்னாளின் ஜோனியோ அவற்றைப் பார்த்துப் பாடும் இன்னொரு மறுபாடகி.

இந்த வரிசையில் புதிதாகக் கேட்க விரும்புவோருக்கு ஒன்று சொல்வேன். 'வைல்ட்ஃபிளவர்ஸ்' பதிவில் தொடங்குங்கள். அது கதவைத் திறந்து வைத்திருக்கும். பிறகு 1969ஆம் ஆண்டின் பதிவு. அதன்பின் ஹெர்பி ஹான்காக் 2007இல் ஜோனிக்குக் காணிக்கையாக வெளியிட்ட தொகுப்பில், சொல்லே இல்லாமல் வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் வடிவம். மூலமே இல்லாமல் உரைமட்டும் எழுதியதுபோல இருக்கும் அது. கடைசியாக 2000ஆம் ஆண்டின் பதிவு. இடையில் ஓரிரு நாள் விட்டுக் கேட்பது நல்லது.

இந்தப் பருவத்தில் பாரி மகளிரின் பாடலை நானே வகுப்பில் படித்தேன். எடுத்த சுருதியிலேயே முடித்தேன். கடைசி அடியில் குரல் மேலே போகவில்லை. போக வேண்டும் என்று தோன்றவும் இல்லை. மாணவர்கள் அமைதியாக இருந்தார்களா, களைப்பாக இருந்தார்களா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மதிய உணவுக்குப் பிந்திய மணி நேரம் அது.

போன மாதம் கூட்டம் முடிந்து கிளம்பும்போது, அந்த 2000ஆம் ஆண்டு இசைத்தட்டை வைத்துவிட்டுப் போகச் சொன்னார் நண்பர். கேட்டாரா என்று நான் விசாரிக்கவில்லை. இன்னும் திருப்பித் தரவில்லை.